பழைய தரவுத்தளக் கோப்புகளைக் கொண்டு டபிள்யூசஸ் சர்வரை மீண்டும் அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் பீனியா, பொம்மசந்திரா போன்ற தொழிற்பேட்டைகளில் உள்ள நடுத்தர நிறுவனங்களில், நூறு இருநூறு விண்டோஸ் கணினிகளின் பராமரிப்பு பெரும்பாலும் ஓரிருவர் பொறுப்பில்தான் இருக்கிறது. அங்கே அலுவலகக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட்டுகளை ஒரே இடத்திலிருந்து ஒப்புதலோடு வழங்கும் விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ், வழக்கில் டபிள்யூசஸ், யாரும் திரும்பிப் பார்க்காமலேயே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சர்வர் ஒருநாள் பூட் ஆகாமல் நின்று, முறையான பேக்கப்பும் இல்லாமல், பழைய வட்டிலிருந்து எடுத்த தரவுத்தளக் கோப்புகள் மட்டும் கையில் இருந்தால் அதை மீண்டும் எப்படி எழுப்புவது என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். நம்மூர்த் தமிழ் நண்பர்கள் பலர் இந்த வேலையில் இருப்பதாலும், தமிழில் இதை முழுமையாக யாரும் எழுதி நான் பார்க்காததாலும், சற்று விரிவாகவே எழுதுகிறேன். கட்டளைகளை அவற்றின் பெயரால் குறிப்பிட்டு, அவை என்ன செய்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

மீட்கத் தகுந்தது எது?

சஸ்டிபி என்ற அந்தத் தரவுத்தளத்தில் பல வகைத் தகவல்கள் கலந்து கிடக்கின்றன. அப்டேட்டுகளின் விவரக்குறிப்புகளை மைக்ரோசாஃப்டிடமிருந்து எப்போது வேண்டுமானாலும் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். எந்தக் கணினியில் எது நிறுவப்பட்டிருக்கிறது என்ற நிலவரத்தைக் கணினிகளே சில நாட்களில் திரும்ப அனுப்பிவிடும். ஆனால் கணினிக் குழுக்கள், எந்தக் குழுவுக்கு எந்த அப்டேட்டுக்கு ஒப்புதல் கொடுக்கப்பட்டது, எது நிராகரிக்கப்பட்டது, தானியங்கி ஒப்புதல் விதிகள் ஆகியவை அந்த அலுவலகத்தில் இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் எடுத்த முடிவுகள். உற்பத்திக் கூடத்தில் இயந்திரங்களை இயக்கும் கணினிகளுக்கு மட்டும் ஒரு டிரைவர் அப்டேட் ஒப்புதல் இல்லாமல் நிறுத்திவைக்கப்பட்டிருந்தால், அதற்கான காரணம் எங்கும் எழுதப்பட்டிருக்காது. நிறுத்தப்பட்டது என்ற பதிவு மட்டும் இந்தத் தரவுத்தளத்தில் இருக்கும். நாம் மீட்கப் போவது அந்த முடிவுகளைத்தான். கீழே வரும் படிகளின் வரிசையையும் இதை மனத்தில் வைத்தே அமைத்திருக்கிறேன்.

தரவுத்தளத்தில் இல்லாதவை எவை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்டேட் கோப்புகள் டபிள்யூசஸ் கன்டென்ட் என்ற தனிக் கோப்புறையில் இருக்கின்றன. ஐஐஎஸ் என்ற விண்டோஸ் வெப் சர்வரின் அமைப்புகள், எஸ்எஸ்எல் சான்றிதழ், எந்தச் சர்வரை நாட வேண்டும் என்று கணினிகளுக்குச் சொல்லும் க்ரூப் பாலிசி ஆகியவை வேறு இடங்களைச் சேர்ந்தவை. பிற நிறுவன மென்பொருள்களை இந்தச் சர்வர் வழியாக வெளியிட்டிருந்தால், அவற்றுக்குக் கையொப்பமிட்ட சான்றிதழும் பழைய சர்வரோடு போயிருக்கும்.

ஆகவே, உங்கள் அலுவலகத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே குழுவில் இருந்து, ஒரே ஒரு தானியங்கி விதிதான் ஓடிக்கொண்டிருந்தது என்றால், இந்த முயற்சியே வேண்டாம். புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்டோடு ஒத்திசைப்பதே மேல், ஏனெனில் பழைய தரவுத்தளம் தன்னோடு பல ஆண்டுக் கழிவையும் சுமந்துகொண்டு வரும். குழுக்கள் பலவாக இருந்து, ஒப்புதல்கள் கையால் பார்த்துப் பார்த்துக் கொடுக்கப்பட்டிருந்தால் தயங்காமல் தொடருங்கள். மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் டபிள்யூசஸில் இனிப் புதிய வசதிகள் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. ஆனாலும் விண்டோஸ் சர்வர் 2025 வரை அது இடம்பெற்றிருக்கிறது, ஆதரவும் தொடர்கிறது. அதனால் இந்த உழைப்பு வீணாகாது.

முதல் படி: கோப்புகளைப் பத்திரப்படுத்துதல்

விண்டோஸ் சர்வர் 2012 முதற்கொண்டு, சர்வரோடு வரும் உள்ளமைத் தரவுத்தளத்தை, அதாவது விண்டோஸ் இன்டர்னல் டேட்டாபேஸை, பயன்படுத்தியிருந்தால், விண்டோஸ் கோப்புறைக்குள் டபிள்யூஐடி, அதற்குள் டேட்டா என்ற இடத்தில் சஸ்டிபி என்ற பெயரில் ஒரு எம்டிஎஃப் கோப்பும், அதன் லாக் கோப்பாக ஒரு எல்டிஎஃப் கோப்பும் இருக்கும். 2008 ஆர்2 காலத்துச் சர்வராக இருந்தால், கன்டென்ட் வைத்திருந்த டிரைவில் அப்டேட் சர்வீசஸ் டிபி ஃபைல்ஸ் என்ற கோப்புறையில் தேட வேண்டும்.

இரண்டையும் எடுங்கள். எம்டிஎஃப் போதும், லாக் எதற்கு என்று விட்டுவிடுவது பலர் செய்யும் பிழை. மின்சாரம் போய்ச் சர்வர் திடீரென நின்றிருந்தால், முடிவடையாத மாற்றங்களைச் சரிசெய்யும் தகவல் லாக் கோப்பில்தான் இருக்கிறது; அது இல்லாவிட்டால் தரவுத்தளம் எளிதில் திறக்காது. எடுத்த பிறகு இரண்டு வெவ்வேறு வட்டுகளில் பிரதிகள் வைத்து, பவர்ஷெல்லின் கெட் ஃபைல் ஹாஷ் கட்டளையால் மூலமும் பிரதியும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். இனி எல்லா வேலையும் பிரதியின் மீதுதான் நடக்க வேண்டும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: ஒரு தரவுத்தளக் கோப்பைப் புதிய பதிப்பு இன்ஜினில், அதாவது தரவுத்தளத்தை இயக்கும் மென்பொருளில், ஒருமுறை இணைத்துவிட்டால், இன்ஜின் அந்தக் கோப்பையே தன் பதிப்புக்கு உயர்த்திவிடும், அதைப் பழைய பதிப்புக்குத் திருப்ப வழியே கிடையாது.

வட்டு கையில் இருக்கும்போதே டபிள்யூசஸ் கன்டென்ட் கோப்புறையையும், ஐஐஎஸ் லாக் கோப்புகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும்; சர்வர் செயலிழந்தது அந்தக் கடமையிலிருந்து விடுவிக்காது.

இரண்டாம் படி: கோப்பின் பதிப்பை அறிதல்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேராக இணைக்க முயல்பவர்கள், தரவுத்தளத்தின் பதிப்பு எண் இது, இந்தச் சர்வர் இதற்கு முந்தைய பதிப்புகளையே ஏற்கும், கீழிறக்க வழியில்லை என்ற 948ஆம் எண் பிழையில் போய் முட்டிக்கொள்கிறார்கள். எந்தத் தரவுத்தள இன்ஜினும் இல்லாமலேயே பதிப்பைக் கண்டுபிடித்துவிடலாம். எம்டிஎஃப் கோப்பு 8,192 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 9ஆம் பக்கம்தான் பூட் பக்கம். அதன் தொடக்கத்திலிருந்து 100 பைட் தள்ளி, அதாவது கோப்பின் தொடக்கத்திலிருந்து 73,828 பைட்டுகளைத் தாண்டியதும் வரும் 2 பைட்டுகளில் பதிப்பு எண் இருக்கிறது. பவர்ஷெல்லிலோ ஏதேனும் ஹெக்ஸ் எடிட்டரிலோ அந்த இரண்டையும் படித்து, இரண்டாவதை 256ஆல் பெருக்கி முதலாவதோடு கூட்டுங்கள். உதாரணமாக, 84, 3 என்று வந்தால் 3 × 256 + 84 = 852. அது மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் 2016இன் எண். எஸ்கியூஎல் சர்வர் 2008 ஆர்2 என்றால் 661, 2012 என்றால் 706, 2014 என்றால் 782, 2017 என்றால் 869, 2019 என்றால் 904.

புதிய சர்வரின் இன்ஜின் அந்த எண்ணுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும். பழைய சர்வரில் ஓடிய அதே விண்டோஸ் பதிப்போ அதற்கு அடுத்ததோ இருந்தால் இந்தச் சிக்கல் எழாது. கையில் இருப்பது டபிள்யூசஸ் 3.0 காலத்துக் கோப்பாக இருந்தால், நேராக 2019க்கோ 2022க்கோ தாவாமல், ஒரு மெய்நிகர் கணினியில் சர்வர் 2012 நிறுவி, முதலில் அங்கே எழுப்பிவிட்டு, பிறகு மேலே கொண்டுபோவதையே நான் விரும்புவேன். இன்ஜின் கோப்பை ஏற்றுக்கொள்வது ஒன்று, டபிள்யூசஸ் அதன் அட்டவணை அமைப்பை உயர்த்துவது இன்னொன்று; இரண்டாவதில்தான் பெரிய தாவல்கள் உடைகின்றன.

மூன்றாம் படி: புதிய சர்வரைத் தயார் செய்தல்

விண்டோஸை நிறுவியதும், வேறு எதையும் செய்வதற்கு முன் எல்லாப் பாதுகாப்பு அப்டேட்டுகளையும் போட்டு முடியுங்கள். 2025 அக்டோபரில் டபிள்யூசஸில் சிவிஇ-2025-59287 என்ற மிகக் கடுமையான ஓட்டை வெளிப்பட்டது. உள்நுழையாத ஒருவர்கூடத் தொலைவிலிருந்து சர்வரில் தன் நிரலை ஓட்ட முடியும் என்ற அளவுக்கு அது ஆபத்தானது. மைக்ரோசாஃப்ட் அதற்காக வழக்கமான நாளுக்குக் காத்திராமல் தனி அப்டேட் வெளியிட்டது. அது இல்லாத சர்வரில் 8530, 8531 போர்ட்டுகளைத் திறக்கக்கூடாது. இருந்தாலும் அவற்றை இணையத்தை நோக்கித் திறக்கவே கூடாது.

சர்வருக்குப் பழைய பெயரையே வைக்க முடிந்தால் க்ரூப் பாலிசியைத் தொட வேண்டியிருக்காது. முடியாவிட்டால் டிஎன்எஸ்ஸில் பழைய பெயரைப் புதிய சர்வருக்கு மாற்றுப்பெயராகச் சுட்டலாம். எஸ்எஸ்எல் பயன்படுத்தினால் சான்றிதழிலும் அதே பெயர் இருக்க வேண்டும். அதேபோல, பழைய கன்டென்ட் கோப்புறை எந்த டிரைவ் எழுத்தில், எந்தப் பாதையில் இருந்ததோ, புதிய சர்வரிலும் அதையே அமைத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளத்துக்குள் அந்தப் பாதை பதிந்திருக்கிறது.

டபிள்யூசஸ் ரோலை நிறுவும்போது உள்ளமைத் தரவுத்தளத்தையே தேர்ந்தெடுங்கள். எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ் இலவசம்தான். ஆனால் அதற்கு அளவு வரம்பு உண்டு (2022 பதிப்பு வரை 10 ஜிபி), உள்ளமைத் தரவுத்தளத்துக்கு அந்த வரம்பு இல்லை. ரோல் நிறுவிய பின், டபிள்யூசஸ் யூட்டில் கருவியின் போஸ்ட் இன்ஸ்டால் கட்டளையைக் கன்டென்ட் பாதையோடு ஓட்டி, வெற்றுத் தரவுத்தளத்தோடு சர்வரை ஒருமுறை முழுமையாக எழுப்பிப் பாருங்கள். நேராகப் பழைய கோப்பை இணைத்தாலும் வேலை நடக்கும். ஆயினும், வெற்றுத் தரவுத்தளத்தோடு கன்சோல் (டபிள்யூசஸின் நிர்வாகத் திரை) திறக்கிறது, ஐஐஎஸ் பதில் சொல்கிறது என்று உறுதிசெய்துகொண்டால், பின்னால் வரும் எந்தக் கோளாறும் பழைய கோப்பிலிருந்து வந்ததே என்று நிச்சயமாகச் சொல்ல முடியும்.

நான்காம் படி: பழைய தரவுத்தளத்தை இணைத்தல்

டபிள்யூசஸ் சேவையையும், ஐஐஎஸ்ஸின் டபிள்யூ3 எஸ்விசி சேவையையும் நிறுத்துங்கள். தரவுத்தளச் சேவை ஓடிக்கொண்டே இருக்கட்டும். எஸ்கியூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவை நிர்வாகி உரிமையோடு அதே சர்வரில் திறக்க வேண்டும். உள்ளமைத் தரவுத்தளம் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஏற்பதில்லை. சர்வர் பெயர் கேட்கும் இடத்தில், மைக்ரோசாஃப்ட் என்பதோடு இரட்டை ஹாஷ் குறியும் டபிள்யூஐடியும் சேர்ந்து, டிஎஸ்கியூஎல், குவெரி என்று முடியும் நேம்ட் பைப் முகவரியைக் கொடுக்க வேண்டும். 2008 ஆர்2இல் அந்தப் பைப்பின் பெயர் வேறு; பழைய குறிப்புகளைப் பார்த்து அதை இங்கே இட்டால் இணைப்புக் கிடைக்காது.

வெற்று சஸ்டிபியை ஒற்றைப் பயனர் நிலைக்கு மாற்றி, டிடாச் செய்து, அதன் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் ஒதுக்கி வையுங்கள். பிறகு பழைய கோப்புகளின் பிரதியை டபிள்யூஐடியின் டேட்டா கோப்புறைக்குள் நகலெடுங்கள். கவனிக்க, நகலெடுக்க வேண்டும், இழுத்து நகர்த்தக்கூடாது. ஒரே டிரைவுக்குள் நகர்த்திய கோப்பு தன் பழைய அனுமதிகளையே வைத்துக்கொள்ளும். நகலெடுத்த கோப்புதான் புதிய கோப்புறையின் அனுமதிகளைப் பெறும். கோப்பைத் திறக்க முடியவில்லை, இயங்குதளப் பிழை 5 என்று வந்தால், தரவுத்தளச் சேவையின் கணக்குக்கு அந்தக் கோப்பின் மீது முழு உரிமை இல்லை என்று பொருள்.

இப்போது கிரியேட் டேட்டாபேஸ் கட்டளையில் இரண்டு கோப்புகளின் பாதையையும் கொடுத்து, ஃபார் அட்டாச் என்று முடித்து ஓட்டுங்கள். லாக் கோப்பு கிடைக்கவே இல்லை, ஆனால் பழைய சர்வர் ஒழுங்காக நிறுத்தப்பட்டது என்றால், ஃபார் அட்டாச் ரீபில்ட் லாக் என்று கொடுத்தால் புதிய லாக் உருவாகிவிடும். லாக்கும் இல்லை, சர்வரும் திடீரென நின்றது என்றால் ஒரே வழிதான் மிஞ்சுகிறது: அதே பெயரில் ஒரு போலித் தரவுத்தளத்தை உருவாக்கி, அதை ஆஃப்லைனில் வைத்து, அதன் லாக் கோப்பை அகற்றி, எம்டிஎஃப் இருந்த இடத்தில் பழைய எம்டிஎஃப்பை வைத்து மீண்டும் ஆன்லைனுக்குக் கொண்டுவர முயல வேண்டும். அது மீட்புக்குக் காத்திருக்கும் நிலையிலோ சந்தேக நிலையிலோதான் நிற்கும். அவசர நிலைக்கும் ஒற்றைப் பயனர் நிலைக்கும் மாற்றி, தரவு இழப்பை அனுமதிக்கும் ரிப்பேர் விருப்பத்தோடு, தரவுத்தளத்தில் சேதம் உள்ளதா என்று சோதிக்கும் டிபிசிசி செக்டிபி கட்டளையை ஓட்ட வேண்டும். பெயரே சொல்வது போல, அது சேதமான பக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் தரவுத்தளத்தை மீட்கிறது. அப்படி எழுந்த தரவுத்தளத்தைத் தொடர்ந்து ஓட்டுவதைவிட, அதிலிருந்து குழுக்களையும் ஒப்புதல்களையும் பட்டியலாக எடுத்துக்கொண்டு, வெற்றுத் தரவுத்தளத்தில் அவற்றை மீண்டும் அமைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நல்லபடியாக இணைந்த தரவுத்தளத்திலும், எந்தச் சேவையையும் தொடங்குமுன் டிபிசிசி செக்டிபியை ஒருமுறை ஓட்டுங்கள். பிழைகள் வந்தால் பதற வேண்டாம். எந்த இன்டெக்ஸில் (அட்டவணையில் தேடலை விரைவாக்கும் அடுக்கு) என்று பாருங்கள். இன்டெக்ஸ் எண் 1க்கு மேல் இருந்தால் அது துணை இன்டெக்ஸ் மட்டுமே. அதை நீக்கி மீண்டும் உருவாக்கினால் எந்தத் தரவும் போகாது. 0 அல்லது 1 என்றால் அடிப்படைத் தரவே சேதமாகியிருக்கிறது.

ஐந்தாம் படி: சர்வரோடு பொருத்துதல்

போஸ்ட் இன்ஸ்டால் கட்டளையை அதே கன்டென்ட் பாதையோடு மீண்டும் ஓட்டுங்கள். இம்முறை அது ஏற்கெனவே இருக்கும் சஸ்டிபியைக் கண்டு, தேவையெனில் அதன் அமைப்பை உயர்த்தும். பெரிய தரவுத்தளமாக இருந்தால் நீண்ட நேரம் எடுக்கும்; பாதியில் நிறுத்தாதீர்கள். மின்தடை அறிவிப்பு உள்ள நாளில் இதைத் தொடங்காமல் இருப்பது நல்லது. தோல்வியுற்றால், லாக் எங்கே இருக்கிறது என்பதைக் கட்டளையே திரையில் காட்டும்; பிழையின் முதல் வரியிலிருந்து படியுங்கள், கடைசி வரியிலிருந்து அல்ல.

டபிள்யூசஸ் சேவை இயங்கும் விண்டோஸ் கணக்கான நெட்வொர்க் சர்வீஸுக்குத் தரவுத்தளத்தில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சர்வரின் பெயரோடு தொடங்கும் டபிள்யூசஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் போன்ற பயனர்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் அவை இனி யாரையும் குறிக்காது. அவை பழைய சர்வரின் உள்ளூர்க் குழுக்கள்.

அடுத்து சர்வரின் அடையாள எண். பவர்ஷெல்லில் கெட் டபிள்யூசஸ் சர்வர் மூலம் அதன் அமைப்புகளை எடுத்து, சர்வர் ஐடிக்குப் புதிய ஜியுஐடி (வேறெதற்கும் இல்லாத தனி அடையாள எண்) ஒன்றைக் கொடுத்துச் சேமிக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் இடமாற்ற வழிகாட்டியிலேயே உள்ள படி. பழைய சர்வர் இனி எழவே எழாது என்று தெரிந்தாலும் இதைச் செய்துவிடுங்கள்.

அதே அமைப்புகளில் எம்யூ யூஆர்எல் என்ற மதிப்பையும் கட்டாயம் பாருங்கள். பழைய தரவுத்தளங்களில் ஒத்திசைவு முகவரி எஃப்ஈ2 என்று தொடங்குவதாக இருக்கும். அந்த முகவரியை மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டது. அதன் இடத்தில் எஸ்டபிள்யூஎஸ் என்று தொடங்கும் அப்டேட் முகவரியையும், ரீடைரக்டர் சேஞ்ச் நம்பருக்கு 4002ஐயும் கொடுத்துச் சேமித்து, ஐஐஎஸ்ஸையும் டபிள்யூசஸ் சேவையையும் மறுதொடக்கம் செய்ய வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் ஒத்திசைவு மட்டும் நடக்காமல் தவிப்பதற்கு இதுவே முதல் காரணமாக இருக்கலாம். எப்போதோ மாற்றப்பட்ட ப்ராக்ஸி சர்வரின் பெயர் தரவுத்தளத்துக்குள் தங்கியிருப்பது இரண்டாவது. 2025 அக்டோபர் அப்டேட்டுக்குப் பின் ஒத்திசைவுப் பிழையின் விவரங்கள் கன்சோலில் தெரிவதில்லை. அப்டேட் சர்வீசஸின் லாக் ஃபைல்ஸ் கோப்புறையில் உள்ள சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் லாக்கைப் பாருங்கள்.

ஐஐஎஸ்ஸில் டபிள்யூசஸ் பூல் என்ற அப்ளிகேஷன் பூலின் நினைவக வரம்பு இயல்பாக 1,843,200 கேபி. மீண்டெழுந்த சர்வரை எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் முழு ஸ்கேனுக்கு அழைக்கும்போது இது போதாமல் பூல் நின்றுவிடும். கணினிகளுக்கு 503 பிழை போகும். வரம்பை 4 ஜிபிக்கு மேல் உயர்த்தி, வரிசை நீளத்தை 1,000இலிருந்து 2,000 ஆக்குங்கள். எம்எஸ்யூ, விம் கோப்பு வகைகள் ஐஐஎஸ்ஸின் மைம் பட்டியலில் (அது அனுப்ப அனுமதிக்கும் கோப்பு வகைகளின் பட்டியல்) இருக்கின்றனவா என்றும் சரிபாருங்கள். 2023 மார்ச்சுக்குப் பிந்தைய விண்டோஸ் 11 அப்டேட்டுகளுக்கு அவை தேவை.

ஆறாம் படி: முதலில் துப்புரவு, பிறகே ரீசெட்

இந்த வரிசையை மாற்றக்கூடாது. டபிள்யூசஸ் யூட்டிலின் ரீசெட் கட்டளை, தரவுத்தளத்தில் ஒப்புதல் உள்ள ஒவ்வொரு அப்டேட்டுக்கும் உரிய கோப்பு வட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத எல்லாவற்றையும் மீண்டும் இறக்கத் தொடங்கும். பல ஆண்டு ஒப்புதல்கள் அப்படியே கிடக்கும் நிலையில் அதை ஓட்டினால், இன்று எந்தக் கணினிக்கும் தேவைப்படாத கோப்புகளால் அலுவலக இணைய இணைப்பு நாள்கணக்கில் அடைபடும்.

எனவே முதலில் இன்டெக்ஸ்களைப் புதுப்பியுங்கள். ரிவிஷன் சூப்பர்சீட்ஸ் அப்டேட் அட்டவணையிலும், லோக்கலைஸ்டு ப்ராப்பர்ட்டி ஃபார் ரிவிஷன் அட்டவணையிலும் மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் இரண்டு கூடுதல் இன்டெக்ஸ்களைச் சேருங்கள். பழைய தரவுத்தளத்தில் துப்புரவு பாதியில் அறுந்துபோவதை இவை பெருமளவு தடுக்கின்றன. பிறகு, புதிய அப்டேட்டால் மாற்றீடு செய்யப்பட்டுவிட்ட பழையவற்றை நிராகரியுங்கள். அப்போதும், கையால் நிறுத்திவைக்கப்பட்டவற்றின் பட்டியலை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் மீட்க வந்ததே அந்த முடிவுகளை. எக்ஸ்பிரஸ் நிறுவல் கோப்புகள், எல்லா மொழிகள் என்ற இரு விருப்பங்களும் பழைய சர்வரில் இயக்கப்பட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். கிளைச் சர்வர்கள் இருந்தால் துப்புரவைக் கடைசி அடுக்கிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும்.

மீட்டெடுத்த கன்டென்ட் கோப்புகளை உரிய இடத்தில் வைத்து, நெட்வொர்க் சர்வீஸுக்கு அனுமதி கொடுத்த பின், வெள்ளிக்கிழமை மாலை ரீசெட்டை ஓட்டிவிட்டுப் போகலாம்.

ஏழாம் படி: கணினிகளை இணைத்தல், ஒத்திசைவு, பேக்கப்

எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் விடாமல், ஒரு குழுவின் சில கணினிகளில் மட்டும் ஸ்கேனைத் தொடங்குங்கள். விண்டோஸ் 10 முதல் பழைய டிடெக்ட் நவ் கட்டளைக்குப் பயனில்லை. யூஎஸ்ஓ கிளையன்ட்டின் ஸ்டார்ட் ஸ்கேனைப் பயன்படுத்த வேண்டும். அவை கன்சோலில் தங்கள் பழைய குழுவிலேயே, புதிய நேரத்தோடு தோன்றினால் தரவுத்தளம் உண்மையிலேயே மீண்டுவிட்டது. செக் ஹெல்த் கட்டளையை ஓட்டி, ஈவென்ட் வியூவரில் 10000 என்ற எண்ணோடு பதிவு வருகிறதா என்றும் பாருங்கள்.

மைக்ரோசாஃப்டின் மாதாந்திர அப்டேட்டுகள் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பசிபிக் நேரம் காலை 10 மணிக்கு வெளியாகின்றன. நமக்கு அது கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. ஆகவே தினசரி ஒத்திசைவை அதிகாலை 2 மணிக்கு வைத்தால், புதன்கிழமை காலை அலுவலகம் வரும்போது பட்டியல் தயாராக இருக்கும்.

உள்ளமைத் தரவுத்தளத்தில் எஸ்கியூஎல் ஏஜென்ட் இல்லாததால் பேக்கப் தானாக நடக்காது. எஸ்கியூஎல் சிஎம்டி வழியாக சஸ்டிபியை பேக்கப் எடுக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்டை டாஸ்க் ஷெட்யூலரில் வாரம் ஒருமுறை ஓடுமாறு அமைத்து, கிடைக்கும் கோப்பு வேறொரு சர்வருக்குப் போய்ச் சேருமாறு செய்யுங்கள். அந்தக் கோப்பு இரண்டு மூன்று முறை ஒழுங்காக உருவாகி, ஒரு சோதனைக் கணினியில் அதை ரீஸ்டோர் செய்து பார்த்த பிறகுதான் பழைய வட்டையும், ஒதுக்கி வைத்த பிரதிகளையும் அழிக்கலாம்.